பிரிட்டனிக் கிராமத்தில் ஐந்து இரவுகள்

பிரான்சுக்குச் சென்று திரும்பியவரிடம் எங்கள் காரைக்கால் மக்கள் ஈஃபில் கோபுரத்தைப் பற்றி விசாரிப்பதில்லை. அதன் படம் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது. "அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்தீங்க, ஹஜ்ரத்?" என்றுதான் கேட்கிறார்கள். பாரிசைப் பொறுத்தவரை இக்கேள்விக்கு விடை எளிது. ஹலால் இறைச்சிக் கடைகள் உள்ள பகுதிகள் அங்கே பல. விலங்குகளை அறுப்போருக்கு அனுமதிச் சான்று வழங்கும் உரிமையைப் பாரிசின் பெரிய பள்ளிவாசல் 1994லேயே அரசிடம் பெற்றுவிட்டது. ஆனால் நான் ஐந்து இரவுகள் தங்கியது நாட்டின் மேற்குக் கோடியில், பிரிட்டனி மாநிலத்துக் கிராமம் ஒன்றில். அங்கே நாங்கள் உண்ட கதை சற்று நீண்டது.

1954 நவம்பர் முதல் நாள் காரைக்கால் இந்திய நிருவாகத்தின் கீழ் வந்தது. 1962இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்களுள் என் மச்சானின் தகப்பனாரும் ஒருவர். அவ்வழியாக என் மூத்த சகோதரி மணமாகிப் பாரிசின் புறநகருக்குக் குடிபெயர்ந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. 2023 ஜூலையில் மதரஸாவில் விடுப்புப் பெற்று அவர்களைக் காணச் சென்றிருந்தேன். அங்கேயே பிறந்து வளர்ந்து கணினித் துறையில் பணிபுரியும் என் மருமகன், "பாரிசை மட்டும் பார்த்துட்டு பிரான்சைப் பார்த்தேன்னு சொல்லாதீங்க மாமா" என்று கூறி, நால்வருக்கும் கிராமத்து விருந்தினர் இல்லம் ஒன்றில் இடம் பதிவு செய்துவிட்டான்.

இவ்வில்லங்களை ‘ஷாம்ப்ர் தோத்’ என்கிறார்கள். சொந்த வீட்டில் ஓரிரு அறைகளை ஒழித்து, பயணிகளுக்கு வாடகைக்கு விடுவதுதான் இம்முறை. உழவுத் தொழில் நலிந்து, இளைஞர்கள் நகரங்களுக்குப் பெயர்ந்த பின் வெறிச்சோடிய வீடுகளைக் காக்கும் எண்ணம் அந்நாட்டில் எழுந்தது. பயணிகளுக்கு வீடு விடும் கிராமத்தார்க்கென ‘ஷீத் து பிரான்ஸ்’ என்னும் கூட்டமைப்பு 1955லேயே அமைக்கப்பட்டது. விருந்தினர் அறைகளுக்கு இன்று சட்ட வரம்பும் உண்டு. 5 அறைகளுக்கு மேல் கூடாது. ஒரே நேரத்தில் 15 பேருக்கு மேல் தங்க வைக்கக் கூடாது. காலை உணவு வாடகையிலேயே அடக்கம். வீட்டார் விரும்பினால் இரவு உணவும் அளிக்கலாம். அதற்குத் ‘தாப்ல் தோத்’, அதாவது விருந்தளிப்பவரின் மேசை என்று பெயர். அங்கே உணவுப் பட்டியல் கிடையாது. அன்று அவ்வீட்டில் என்ன சமைக்கப்பட்டதோ அதுவே விருந்தினர்க்கும். வெளியாட்கள் வந்து உண்ண முடியாது. வீட்டுத் தலைவியும் தலைவரும் பெரும்பாலும் உடன் அமர்ந்தே உண்பார்கள்.

உணவு விடுதியில் ஒன்று வேண்டாம் என்றால் மற்றொன்றைக் கேட்கலாம். ஒருவர் தம் கையால் சமைத்து, தாமும் எதிரே அமர்ந்து பரிமாறும் மேசையில் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

பாரிசின் மோம்பர்னாஸ் நிலையத்திலிருந்து விரைவு இரயிலில் மூன்று மணி நேரத்திற்குச் சற்று மேலாயிற்று. ப்ளூவாரே என்னும் சிறிய நிலையத்தில் இறங்கினோம். சாம்பல் நிறக் கருங்கல் சுவர், கற்பலகைக் கூரை, வாசல் ஓரம் நீலப்பூங்கொத்துகள் எனப் படத்தில் பார்த்தவாறே இருந்தது வீடு. வீட்டு அம்மையாருக்கு அறுபது வயதைக் கடந்திருக்கும். கணவர் பால்மாடு வளர்த்து ஓய்வு பெற்றவர். 2004ஆம் ஆண்டு அரசுப் பள்ளிகளில் முக்காட்டுக்குத் தடை வந்ததிலிருந்து, அறியாத ஊருக்குப் போகும்போதெல்லாம் தன் முக்காட்டை யார் எப்படிப் பார்ப்பார்களோ என்ற அச்சம் லாத்தாவுக்கு உண்டு. அம்மையாரோ லாத்தாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு முன்னே நடந்துவிட்டார். எங்களை உற்றுப் பார்த்தது அவ்வீட்டு நாய் மட்டுமே.

அந்த நாயால் எனக்கு நேர்ந்த தொல்லை கொஞ்சமன்று. ஷாஃபிஈ மத்ஹபுக்காரனின் காலை நக்க வேண்டும் என்றே அது பிறந்ததுபோல் தோன்றிற்று. ஒருமுறை நக்கினால் ஏழுமுறை கழுவ வேண்டும், அதில் ஒன்று மண் கலந்த நீராக இருக்க வேண்டும் என்பதை நாயிடம் யார் சொல்வது? அம்மையாரிடம் சொன்னோம். மறு பேச்சின்றி மாடிப்படியின் அடியில் ஒரு மரத்தடுப்பை நிறுத்தினார். எங்கள் அறைகளும் முஸல்லாவும் பாதுகாப்பாயின.

இடத்தைப் பதிவு செய்தபோது மருமகன் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தான்: பன்றி இறைச்சியும் மதுவும் வேண்டாம் என்று. அம்மையார் அதை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியிருந்தார். முதலில் அவித்த ஆர்த்திசோ, உருக்கிய வெண்ணெயுடன் வந்தது. தாமரை மொட்டுபோன்ற அக்காயின் இதழ்களை ஒவ்வொன்றாகப் பிய்த்து, அடிச்சதையைப் பல்லால் வழித்து உண்ண வேண்டும். அதன்பின் பொன்னிறமாகச் சுட்ட முழுக்கோழி வந்தது. அவர் வீட்டுக் கொல்லையிலேயே வளர்ந்தது. பெருமையோடு மேசை நடுவே வைத்தார்.

மருமகன் தட்டைப் பார்த்தபடி இருந்தான். மச்சான் என் காதருகே, "வேதக்காரங்க அறுத்ததுதானே?" என்றார். வேதமுடையோர் அறுத்ததைப் பற்றிய சட்டம் விரிவானது. யார் அறுத்தார், எப்படி அறுத்தார் என்பதையெல்லாம் தெளியாமல் உண்ண என் மனம் இடங்கொடுக்கவில்லை. ஆறிக்கொண்டிருக்கும் கோழியின் முன் அமர்ந்து அந்தப் பாடத்தை நடத்தவும் முடியாது. "எங்கள் மார்க்கத்தில் இறைவன் பெயர் சொல்லி அறுக்கும் ஒழுங்கு ஒன்று உண்டு, அது எங்களுக்கு உறுதியாகத் தெரியாதபோது இறைச்சியைத் தவிர்க்கிறோம், உங்கள் சமையலில் எந்தக் குறையும் இல்லை என்று சொல்" என்றேன். மருமகன் தயங்கித் தயங்கிச் சொன்னான். அம்மையாரின் முகம் ஒரு கணம் வாடியது உண்மை. பிறகு எழுந்து சென்று எட்டு முட்டைகளை அவித்துக் கொண்டுவந்தார். உருளைக்கிழங்கும் ரொட்டியும் இருந்தன. வயிறு நிறைந்தது.

அன்று சூரியன் மறையவே இரவு 10 மணி ஆயிற்று. இஷா வக்து நள்ளிரவைக் கடந்துதான் வந்தது. மஃரிபுக்குப்பின் வாசல் திண்ணையில் அமர்ந்திருக்கையில் மருமகன் மனம்விட்டுப் பேசினான். அலுவலகத்தில் யாராவது உணவுக்கு அழைத்தால் பசியில்லை என்பானாம். வற்புறுத்தினால் மரக்கறி மட்டும் உண்பவன் என்று சொல்லிவிடுவானாம். "விளக்கிச் சொல்லப் போனா ஒரு மாதிரியாப் பார்ப்பாங்க மாமா. அதுக்குப் பசியோட இருக்கலாம்." இருபத்தாறு வயது இளைஞன், தன் நண்பர்களின் மேசையில் இன்னொருவனாக நடித்துக்கொண்டிருக்கிறான். ஹராமை உண்ணாதவரை மகிழ்ச்சிதான். ஆயினும் அந்தச் சொற்கள் என்னை உறங்கவிடவில்லை.

மறுநாள் பக்கத்து ஊரில், அம்மாநிலத்தின் புகழ்பெற்ற கலெத் உண்ணச் சென்றோம். கலெத் என்பது நம் தோசைக்கு ஒன்றுவிட்ட சகோதரி. கருநிற மாவை வட்டமான இரும்புக் கல்லில் ஊற்றி, சிறு மரச்சட்டத்தால் மெல்லிதாகப் பரப்பி, நடுவில் முட்டையோ பாலாடைக்கட்டியோ வைத்து, நான்கு ஓரங்களையும் மடித்துத் தருவார்கள். கல்லுக்கு அவர்கள் மொழியில் பிலிக் என்று பெயர். அம்மாவு அரைக்கப்படும் தானியம் முக்கோண வடிவில், கறுத்த தோலுடன் இருக்கும். ஆங்கிலத்தில் பக்வீட் என்பர். கோதுமை விளையாத வளமற்ற மண்ணிலும் மூன்று நான்கு மாதங்களில் விளைந்துவிடுவதால் பல நூற்றாண்டுகள் பிரிட்டனி ஏழைகளின் பசியை ஆற்றிய தானியம் இது. பிரெஞ்சு மொழியில் இதன் பெயரைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ‘சரசேன்’! இடைக்கால ஐரோப்பியர் முஸ்லிம்களைக் குறித்த அதே சொல். தானியம் கறுப்பாக இருந்ததால் அப்பெயர் இடப்பட்டதென்பர். கத்தோலிக்கக் கிராமங்கள் தலைமுறை தலைமுறையாக நம் பெயர் சூட்டிய தானியத்தை உண்டு வாழ்ந்திருக்கின்றன.

கடை மணமாக இருந்தது. முட்டையும் பாலாடைக்கட்டியும் வைத்த கலெத் போதும் என்று மருமகன் சொல்லவிருந்தான். பாலாடைக்கட்டியின் உறைப்பொருள் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கப்படுவதும் உண்டு என்பதால் அதிலும் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனக்கு வேண்டாம் என்றேன். கல்லில் என்ன தடவுகிறார்கள் என்று கேட்கும்படியும் கூறினேன். "மாமா, இதைக்கூடவா?" என்றான். "கேள்" என்றேன்.

கல்லருகே நின்ற பெண்மணி சற்றும் முகம் சுளிக்காமல், கையிலிருந்த துணிச்சுருளையும் ஒரு சிறு கிண்ணத்தையும் எடுத்துக் காட்டினார். பன்றிக் கொழுப்பும் முட்டை மஞ்சளும் கலந்த கலவை. பழைய முறைப்படி கல்லுக்கு அதைத்தான் தடவ வேண்டுமாம். பலர் இப்போது வெண்ணெயோ எண்ணெயோ பயன்படுத்துவதாகவும், தாம் பாட்டி காலத்து வழக்கத்தை விடவில்லை என்றும் சொன்னார். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல், ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்கள் உணவில் இருந்தால் உண்பவருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது. முட்டை, பால், கடுகு, எள் எல்லாம் அப்பட்டியலில் உண்டு. பன்றிக் கொழுப்பு இல்லை. ஆகவே கேட்டால்தான் தெரியும்.

நாங்கள் உண்ணவில்லை. ஆனால் எழுந்து ஓடிவரவும் இல்லை. கலெத்துடன் பருகுவதற்கென்று அங்கே வழக்கமாக ‘லே ரிபோ’ வைத்திருக்கிறார்கள். குடித்துப் பார்த்தால் நம் மோர்! புளிப்பும் கெட்டியும் சற்று மிகுதி; கறிவேப்பிலைதான் இல்லை. ஆளுக்கு ஒரு கிண்ணம் பருகி, நன்றி கூறி வந்தோம். சுற்றிலும் எல்லா மேசைகளிலும் அதே வகைக் கிண்ணங்களில் ஆப்பிள் மது. வெளியே வந்ததும் மருமகன், "அவங்க கோபப்படலையே" என்றான் வியப்புடன்.

மூன்றாம் நாள் துறைமுக ஊர் ஒன்றில் மதிய உணவு. அவ்வட்டாரத்தின் சிப்பி உணவு நாடெங்கும் பெயர் பெற்றது. கறுத்த மட்டிச் சிப்பிகளைச் சிறு வெங்காயம், வெண்ணெய், வெள்ளை ஒயின் சேர்த்து ஆவியில் வேக வைப்பார்கள். வெந்ததும் சாராயம் ஆவியாகிவிடும் என்பது பரிமாறுபவர்கள் தரும் வழக்கமான ஆறுதல். எஞ்சி இருப்பது எவ்வளவு என்று அளப்பது நம் கணக்கு அன்று; நஜீஸ் உணவில் ஊற்றப்பட்டதா என்பதே கேள்வி. இம்முறை நான் வாய் திறக்கும் முன்பே மருமகன் கேட்டுவிட்டான். ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சட்டியில் அப்போதே வேகவைப்பதால் ஒயின் இல்லாமல், கழுவிய சட்டியில் செய்து தருவதாகச் சமையற்காரர் ஒப்புக்கொண்டார். ஹனஃபி குடும்பத்தில் பிறந்த மச்சானுக்குச் சிப்பி ஆகாது. சுட்ட மீன் வாங்கிக்கொண்டார். ஒரே மேசையில் இரண்டு மத்ஹபுகள் உண்பதைக் கண்ட பரிமாறும் பையன், எங்களுக்குள் ஏன் இந்த வேறுபாடு என்று கேட்க, மருமகன் பத்து நிமிடம் நின்றவாறே விளக்கிக்கொண்டிருந்தான். பசியில்லை என்று சொல்லும் பிள்ளைதானா இவன் என்றிருந்தது.

கலெத் கடையில் உண்ணாமல் வந்ததை அம்மையார் எப்படியோ மருமகனிடமிருந்து கேட்டறிந்துவிட்டார். தம்மிடமும் கல் இருக்கிறது, ஆனால் அதிலும் பல்லாண்டுகள் அதே கொழுப்புதான் தடவியிருக்கிறார் என்று வருந்தினார். வியாழக்கிழமை லன்னியோன் நகரில் பெரிய சந்தை கூடும். அன்று லாத்தா மீன் வாங்கும்போது, மச்சான் பாத்திரக் கடைக்குச் சென்று புத்தம் புதிய வார்ப்பிரும்புக் கல் ஒன்றை வாங்கி வந்தார். அம்மையார் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கண் கலங்கியதாகவும் எனக்குத் தோன்றிற்று.

அன்று மாலை அந்தச் சமையலறையில் இரண்டு பெண்மணிகள் அருகருகே நின்றார்கள். அம்மையார் புதிய கல்லில் உப்பு வெண்ணெய் தடவிக் கலெத் சுட்டார். பிரிட்டனியில் உப்பில்லாத வெண்ணெயை யாரும் மதிப்பதில்லை. மன்னராட்சிக் காலத்தில் நாட்டின் பல பகுதிகளை வாட்டிய உப்பு வரியிலிருந்து இம்மாநிலத்துக்கு விலக்களிக்கப்பட்டிருந்ததால், அன்று முதல் உப்பு தாராளம் என்கிறார்கள். உப்பு வரி என்றதும், காரைக்காலுக்குத் தெற்கே வேதாரண்யத்தில் 1930இல் நடந்த உப்புச் சத்தியாக்கிரகத்தை நான் சொன்னேன். உழவர் பெரியவர் கேட்டுத் தலையசைத்தார். அடுத்த அடுப்பில் லாத்தா, நம் கானாங்கெளுத்தியின் இனமான மீனில் புளியாணம் காய்ச்சினாள். பாரிசிலிருந்து புளியும் மிளகாய்த்தூளும் கைப்பையில் வந்திருந்தன என்பது அப்போதுதான் எங்களுக்கே தெரியும்! கறுப்புக் கலெத்தைப் பிய்த்து ஆணத்தில் தோய்த்து உண்டோம். உழவர் பெரியவர் மூன்று முறை நீர் குடித்தார். நான்காம் முறையும் ஆணம் கேட்டார். இறுதியில் அம்மையார் செய்திருந்த ஃபார் என்னும் உலர்பிளம் பால் பணியாரம் வந்தது. வழக்கமாக அதில் ஒரு கரண்டி ரம் ஊற்றுவாராம். "இன்று ஊற்றவில்லை" என்று கேளாமலே சொன்னார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிதோறும் கஹ்ஃபு சூரா ஓதும் வழக்கம் வாசகர்களுக்கும் இருக்கும். அவ்வீட்டுக்கு அருகே வியே மார்ஷே என்னும் ஊரின் எல்லையில், ஏழு புனிதர் பெயரால் ஒரு சிற்றாலயம் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வரலாற்றுக்கு முற்பட்ட கல்திட்டை ஒன்றின்மேல் கட்டப்பட்டது. அந்த எழுவர் வேறு யாருமல்லர். எபேசு நகரக் குகையில் உறங்கியவர்கள் என்று கிறித்தவர் போற்றுவோர், நாம் அஸ்ஹாபுல் கஹ்ஃபு என்று அறிந்தோர். அவர்களின் எண்ணிக்கையை இறைவனே நன்கறிவான் என்பது நம் நிலை. அவ்வூர் மக்கள் எழுவர் என்றே கொண்டு, எழுவருக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். மன்சூர் ஹல்லாஜைப் பற்றி ஆராய்ந்த பேரறிஞர் லூயி மசிஞோன் (1883–1962) இவ்வூரின் ஆண்டு விழாவுக்கு 1954 முதல் முஸ்லிம்களையும் அழைத்து வரலானார். ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறு அவ்விழாவின் நாள். கூட்டு வழிபாட்டில் கலந்துகொள்வது நமக்கு ஆகாது. ஆகவே ஆளில்லாத வெள்ளிக்கிழமைக் காலையைத் தேர்ந்தேன். ஆலயத்தினுள் செல்லாமல், சற்றுத் தொலைவில் மரத்தடியில் அமர்ந்து நானும் மருமகனும் சூராவை ஓதினோம்.

குகைவாசிகள் விழித்தெழுந்து பசியுணர்ந்ததும், தம்முள் ஒருவரை வெள்ளிக்காசுடன் நகருக்கு அனுப்புகிறார்கள். அந்நகரில் எந்த உணவு தூயது என்று பார்த்து வாங்கி வரவும், மென்மையாக நடந்துகொள்ளவும் சொல்லி அனுப்புகிறார்கள். மென்மையைக் குறிக்கும் அந்தச் சொல்லே குர்ஆனின் சரிபாதி இடம் என்று கணக்கிட்டு, நம் நாட்டு அச்சுப் பிரதிகள் சிலவற்றில் அதைத் தனித்துத் தெரியும்படி அச்சிட்டிருப்பார்கள். மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சுட்டிக்காட்டும் இடந்தான். உயிருக்கு அஞ்சி மறைந்திருந்தோர், தம்மை யாரும் அறிந்துவிடக் கூடாதே என்று சொல்லியனுப்பிய மென்மை அது. எங்களுக்கு அத்தகைய அச்சம் இல்லை. ஆயினும் தூய்மையைத் தேடுவதும் மென்மையும் ஒரே கட்டளையில் அருகருகே நிற்பதை, கலெத் கடைக்குப் போய்வந்த பிறகு ஓதியபோதுதான் நின்று கவனித்தேன். மருமகனுக்குப் பொருளைச் சொன்னேன். அவன் எதுவும் பேசவில்லை. திரும்பும் வழியில், "அந்தக் காசோட போனவரும் கேட்டுத்தானே வாங்கியிருப்பாரு" என்றான்.

சூராவில் அவர்களுடைய நாயும் வருகிறது என்று கேள்வியுற்ற அம்மையார், தம் நாயைத் தட்டிக்கொடுத்து ஏதோ சொன்னார். மருமகன் அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டான்.

சனிக்கிழமை காலை கணக்கு முடித்தோம். அறை ஒன்றுக்கு ஓரிரவுக்கு 75 யூரோ. இரவு உணவுக்குத் தனி. வியாழன் இரவு உணவுக்கு அவர் கட்டணம் எழுதவில்லை. ஆணம் லாத்தா சமைத்தது என்று காரணம் சொன்னார். கல்லை அங்கேயே விட்டுவிட்டோம். அதை அடுக்களைச் சுவரில் தனி ஆணியில் மாட்டியிருந்தார். பக்கத்தில் மருமகன் தன் கையால் எழுதிக்கொடுத்த தாள்: பன்றிக் கொழுப்பு, ஒயின், ரம், ஆப்பிள் மது, ஜெலட்டின், அறுப்பு முறை தெரியாத இறைச்சி. அவனே கேட்டு, அவனே எழுதியது. அதன் அடியில் அம்மையார் பென்சிலால் ஒரு சொல்லைச் சேர்த்துக் கேள்விக்குறி இட்டிருந்தார்: "காடி?"

காடியை நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிறந்த குழம்பு என்று பாராட்டியிருக்கிறார்கள். ஆனால் மது தானாகவே காடியாக மாறியதற்கும், பிறிதொன்றைச் சேர்த்து மாற்றியதற்கும் நம் மத்ஹபில் சட்டம் வேறு, ஹனஃபியில் வேறு. இரயிலுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. நான் விளக்கத் தொடங்கினேன். மருமகன் பாதி வழியில் சொல் கிடைக்காமல் திணறினான். அம்மையார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நிலவறைக்கு இறங்கிச் சென்று ஒரு புட்டியுடன் வந்தார். அவர் கணவர் பீப்பாயில் மறந்துவிட்ட ஆப்பிள் மது அது. யாரும் எதுவும் சேர்க்கவில்லையாம். தானாகவே புளித்துக் காடியாகிவிட்டதாம். அதை ஒரு பழைய செய்தித்தாளில் சுற்றி லாத்தாவின் பையில் வைத்தார்.